முழுக் குளிசை

செத்தவீட்டுக்கு அவர் வந்தால், அழுதுகொண்டிருக்கிற பெண்கள்கூட ஒருதரம் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, பிணத்தின் காலடியில் கொஞ்ச நேரம் கைகூப்பி நிற்பார். பிறகு நேரே அடுப்பெரியாத குசினிப் பக்கம் போவார். அந்த வீட்டில் நிதானம் தவறாமல் இருக்கிற ஆள் யாரென்று கண்டுபிடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

“குறை நினைக்காதேங்கோ. ஐயா குடிச்ச மருந்துக் குளிசையில மிச்சம் ஏதும் கிடக்கோ?”

என் அப்பாவின் செத்தவீட்டில் இந்தக் கேள்வி என்னிடம்தான் வந்தது. துறைமுகக் கந்தோரில் எனக்குத் தட்டெழுத்து வேலை கிடைத்து ஆறேழு மாதம் இருக்கும். வாய் அப்போதே எனக்குக் கொஞ்சம் நீளம்.

“மனிசன் இன்னும் வீட்டை விட்டுப் போகேல்ல. அதுக்குள்ள சாமான் எடுக்க வந்திட்டீங்களோ?” என்று கத்திவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. “கத்துங்கோ பிள்ளை. கத்தவேண்டிய நேரந்தான். ஆனா வீடு கழுவேக்க அதுகளைக் குப்பையில போட்டிடாதேங்கோ” என்றார்.

அம்மாதான் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். அப்பாவின் பிறசர் குளிசைகள் அடுத்த கிழமையே எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக் கிழவருக்குப் போய்ச் சேர்ந்தன. எனக்கு அதைக் கேட்க அருவருப்பாக இருந்தது. அம்மாவோ, “அந்த மனுசனுக்காவது உதவட்டும்” என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள்.

எங்கள் ஒழுங்கையில் அவரை ஸ்டோர்க்காரர் என்பார்கள். வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை வைத்திருந்த காலத்தில், கடற்படைக் களஞ்சியத்தில் சாமான் பொறுப்பாக இருந்தவர். வெள்ளைக்காரன் போனதோடு அவருடைய வேலையும் போனது. புத்தி மட்டும் களஞ்சியத்திலேயே நின்றுவிட்டது. அங்கே ஒரு ஆணியோ வாசரோ வேண்டுமென்றால், செய்த கம்பனியின் பெயரைச் சொல்லக்கூடாதாம். அது என்ன சாமான், என்ன அளவு, எதற்கு என்றுதான் சொல்ல வேண்டுமாம். கம்பனிப் பெயர் சொல்லிக் கேட்கிறவன் களஞ்சியத்தில் வேலைக்கு உதவமாட்டான் என்பது அவருடைய முடிந்த முடிவு. ஒருமுறை அம்மா எனக்கு வந்த ஒரு சம்பந்தத்தைப்பற்றி அவரிடம் சொல்லி, மாப்பிள்ளை இன்ன பெரிய குடும்பத்துப் பெடியன் என்று இழுத்தபோது, “கம்பனியை விடுங்கோ தங்கச்சி. சாமான் என்ன சாமான்?” என்று கேட்டார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது. சாமான் அவ்வளவு நல்ல சாமான் இல்லைத்தான்.

அவருடைய முழு ஆக்கினையும் மருந்துத் துண்டுகளின்மீதுதான் இருந்தது. வயதானவர்கள் டொக்டரிடம் போய்த் துண்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அதை நேரே கடைக்குக் கொண்டுபோனால் அவருக்குப் பிடிக்காது. முதலில் தன்னிடம் காட்ட வேண்டும். கையை எட்ட நீட்டித் துண்டைப் பிடித்து, உதடு அசைய வாசித்து, “இது இவ்வளவு வரும்” என்று ஒரு மதிப்புச் சொல்வார். பாமசியில் போய்ப் பார்த்தால் சில சதங்கள்தான் முன்பின்னாக இருக்கும். அந்த மதிப்பைக் கேட்டதும் கிழவர் முகம் எப்படிப் போகிறதென்று பார்ப்பார். முகம் சுருங்கினால், “இருங்கோ, நானும் வாறன்” என்று சைக்கிளை எடுப்பார்.

அவர் வருமுன்னர் எங்கள் பக்கத்துக் கிழடுகள் செய்துகொண்டிருந்த பிழை ஒன்று உண்டு. கையில் இருக்கிற காசுக்கு, துண்டின் மேலிருந்து வாங்கிக்கொண்டே வருவார்கள். காசு எங்கே முடிகிறதோ அங்கே மருந்தும் முடியும். டொக்டர் பெரியதை மேலேதான் எழுதியிருப்பார் என்று ஒரு நம்பிக்கை. சாம்பல்தீவிலிருந்து வந்த ஒரு கரைவலைக்காரக் கிழவர் அப்படித்தான் இரண்டு மாதமாக ரொனிக்கும் விற்றமினும் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். அடியில் எழுதியிருந்த நெஞ்சுக் குளிசையை அவர் கண்ணாலும் காணவில்லை. கால் இரண்டும் வீங்கி, மூச்சு இழுத்து, ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தபிறகுதான் விசயம் வெளியே வந்தது.

ஆள் கொஞ்சம் தேறி எழும்பியதும், அந்தக் கிழவரோடு ஸ்டோர்க்காரர் டொக்டரின் அறைக்குள் நேரே போய்விட்டார். ஊசி போட்டுக்கொள்ள அம்மாவும் நானும் வெளியே வாங்கிலில் இருந்தோம். கதவு பாதி திறந்திருந்தது.

“ஐயா, இந்த நாலில எதை விட்டா ஆள் சாகும்?”

“என்ன கேள்வி இது? நாலையும் வாங்கத்தான் எழுதினனான்.”

“நாலையும் வாங்க ஏலாது ஐயா. ஏலுமெண்டா நான் ஏன் வாறன்? ஏலாத ஆளுக்கு எதை முதல் வாங்கிறதெண்டு நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்லக்கூடாது, கடைக்காரன் சொல்லக்கூடாது.”

டொக்டர் அவரை வெளியே போகச் சொன்னார். அவர் போகவில்லை. கிழவர் நடுவில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டொக்டர் கடைசியில் துண்டை இழுத்து, ஆத்திரத்தோடு கிழித்து, புதிதாக ஒன்று எழுதினார். அதில் நெஞ்சுக் குளிசை முதலாவதாக இருந்தது. ரொனிக் இல்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. ஆனால் அந்த டொக்டர் எழுதுகிற துண்டுகளில் முக்கியமானது மேலே வரத் தொடங்கியதை நாங்கள் எல்லோரும் கண்டோம்.

டொக்டரும் அவரைச் சும்மா விடவில்லை. சில குளிசைகளில் பெரியதும் சிறியதும் கிட்டத்தட்ட ஒரே விலை. டொக்டர் ஓமென்றால், பெரியதை வாங்கி இரண்டாக வெட்டினால் செலவு பாதி. இதைக் கண்டுபிடித்ததும் ஸ்டோர்க்காரருக்குத் தலைகால் தெரியவில்லை. தன் மனைவியின் பாக்குவெட்டியைச் சுடுதண்ணீரில் கழுவி எடுத்துக்கொண்டு, வீடுவீடாகப் போய் வெட்டக் காட்டிக் கொடுத்தார். குளிசையின் நடுக்கோட்டில் பாக்குவெட்டியை வைத்து, ‘டக்’ என்று ஒரே அமுக்கு. இரண்டு பாதியும் அச்சில் வார்த்ததுபோல வரும். அந்தச் சந்தோசப் புளுகத்தில், மேலே வழுவழுப்பாகப் பூச்சுப் பூசிய குளிசை ஒன்றையும் வெட்டலாம் என்று சொல்லிவிட்டார். அது டொக்டரின் காதுக்குப் போனது. நடுத்தெருவில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, “பூச்சுப் பூசினதை வெட்டினா வயிறு புண்ணாகும். அது ஏன் பூசிக் கிடக்கெண்டு நினைச்சீர்? வடிவுக்கோ?” என்று எல்லோரும் கேட்கப் பேசினார்.

ஸ்டோர்க்காரர் சைக்கிளைத் திருப்பினார். அன்று பின்னேரமே திரும்ப எல்லா வீட்டுக்கும் போனார். “நான் சொன்னது பிழை. அதை வெட்டாதேங்கோ. வெட்டினதை என்னட்டத் தாங்கோ” என்று ஒவ்வொரு வேலிப் படலையிலும் நின்று சொல்லி, வெட்டினதை வாங்கிக்கொண்டு, அதற்குரிய காசைத் தன் பென்சனிலிருந்து கொடுத்தார். அதன்பிறகு அவருக்கு ஒரு பேச்சு நிலையாகிவிட்டது. எந்தக் கிழவி துண்டு நீட்டினாலும் கடைசியில் அதைத்தான் சொல்வார்: “குறைக்கிறதைக் கடையில குறைப்பம். வாயில குறைக்கக்கூடாது.”

பாமசி வைத்திருந்தவர் கிண்ணியாக்காரர். எல்லோருக்கும் அவர் நானா; கிண்ணியாவில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஸ்டோர்க்காரர் படியேறினால் நானா கையைத் தூக்கிவிடுவார். “வாங்க, வாங்க. என்ட கடையை எனக்கே வித்துத் தருவீங்க” என்பார். ஆனாலும், எந்தெந்தக் குளிசைகள் ஒரே மருந்து, பெட்டியும் கம்பனிப் பெயரும்தான் வேறு என்று ஸ்டோர்க்காரருக்குச் சொல்லிக் கொடுத்ததே நானாதான். செத்தவீடுகளில் சேர்த்தவற்றையும் முதலில் நானாவிடந்தான் கொண்டுபோவார். பெயர் தெரியாதது, நிறம் மாறினது, உறை பிரிந்து கலந்துபோனது எல்லாம் மலகூடக் குழிக்குள் போகும்.

இப்படிப்பட்ட ஆளை ஊர் முழுக்க விரும்பியது என்று சொல்லமாட்டேன். பயந்தார்கள். படுக்கையில் கிடக்கிற ஒருவரைப் பார்க்க அவர் போனால், “இவன் ஏன் இப்ப வாறான்?” என்று வீட்டாருக்கு நெஞ்சு இடிக்கும். ஒரு கிழவர் கட்டிலில் எழும்பி இருந்து, “இன்னும் சாகேல்லையடா, போடா” என்று துவாயைத் தூக்கி எறிந்தார். எனக்கும் அவரைக் கண்டால் முதுகு கூசும். இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில் அம்மாவுக்கு இருதயம் பழுதாகி நெஞ்சு வருத்தம் வந்தது.

ஸ்டோர்க்காரரின் மனைவிக்கு அதற்கு முன்னமே அந்த வருத்தம் இருந்தது. அவரை நாங்கள் மாமி என்போம். பிள்ளைகள் இல்லாத மனுசி. அதிகம் கதைக்கமாட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் மாமி, இருவருக்கும் ஒரே டொக்டர், ஒரே சின்ன வெள்ளைக் குளிசை. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து, நாளுக்கு ஒன்று தவறக்கூடாது என்று டொக்டர் அம்மாவுக்கு விரலை நீட்டிச் சொன்னது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான் எதுவும் ஒழுங்காக வராத காலம். பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. மருந்துக்கு வரிசையும் இல்லை, ஏனென்றால் மருந்தே இல்லை. ஆசுபத்திரியில் கையை விரித்தார்கள். நானாவின் கடையில் அந்தக் குளிசை இருந்த தட்டு வெறுமையாகக் கிடந்தது. கந்தோரில் இருந்து நான் துறைமுகத்தைப் பார்க்கிறபோதெல்லாம், வருகிற கப்பலில் என் அம்மாவின் குளிசை இருக்குமோ என்ற யோசனைதான். இருக்கிறதில்லை. மாவும் சீனியும் இறங்கும்.

நானாவின் மச்சான் ஒருவர் கண்டியில் மருந்துக்கடையில் நின்றார். அவர் மூலமாக ஒரேயொரு போத்தல் கிடைத்தது. ஸ்டோர்க்காரர் அதை எங்கள் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்து, அம்மாவையும் மாமியையும் எதிரெதிரே கதிரையில் இருத்தி, வெள்ளைத் தாளைப் பரப்பி, அவவுக்கொன்று இவவுக்கொன்று என்று பிரித்து இரண்டு போத்தலில் போட்டார்.

“ரெண்டும் ஒரேநாளில முடியும். அதுக்கிடையில கட்டாயம் வரும்” என்றார்.

“வராட்டி?” என்று நான் கேட்டேன்.

“வரும் பிள்ளை” என்றார். அவர் மதிப்புச் சொல்லுகிற குரல் இல்லை அது.

மாமி தன் போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு எழும்பினார். படலையடியில் நின்று அம்மாவின் கையைப் பிடித்து, “நீங்கள் பயப்பிடாதேங்கோ தங்கச்சி. உங்களுக்குக் கரைசேர்க்க ஒரு குமர்ப்பிள்ளை இருக்கு. முடிஞ்சாலும் எங்கட வீட்டில கொஞ்சம் கிடக்கும்” என்றார். ஆறுதலுக்குச் சொல்கிற கதை என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம்.

மருந்து வரவில்லை. நான் காலையில் எழும்பினால் முகம் கழுவுமுன் போத்தலைத் தூக்கிப் பார்ப்பேன். போத்தலின் அடி தெரியத் தொடங்கியது. ஸ்டோர்க்காரர் மூதூருக்குக் கடல்வழியாக லோஞ்சில் போனார், புல்மோட்டைக்குப் பஸ்ஸில் போனார், வெறுங்கையோடு வந்தார். அந்த நாட்களில் மாமியின் கால்கள் வீங்கியிருப்பதாக அம்மா சொன்னாள். “அவ குளிசை ஒழுங்காத்தான் போடுறா. ஏன் வீங்குது?” என்று ஸ்டோர்க்காரர் வேலியோரம் நின்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்ததை நான் என் காதால் கேட்டேன். டொக்டரிடம் கொண்டுபோனார். டொக்டரும் அதையேதான் கேட்டார். மாமி, “ஓம், போடுறனான்” என்றாராம்.

ஒரு விடிகாலையில் மாமி போய்விட்டார்.

அம்மாவின் போத்தலில் அப்போது இரண்டே இரண்டு குளிசைகள் கிடந்தன. அம்மா என்னைக் கூப்பிட்டு, “அந்த வீட்டில போய் நீ அந்தக் கேள்வியைக் கேட்டியோ, இனி நான் குளிசையே தொடமாட்டன்” என்றாள். நான் ஓமென்று தலையாட்டிவிட்டுப் போனேன். போகிற வழியெல்லாம் என் வாயில் அந்தக் கேள்விதான் நின்றது. என்னைப் பெற்றவளின் உயிர் அந்த வீட்டு அலுமாரிக்குள் ஒருவேளை ஒன்றோ இரண்டோ குளிசையாகக் கிடக்கிறது. எப்படிக் கேட்காமல் இருப்பது? என் அப்பாவின் பிணத்துக்குப் பக்கத்தில் அவர் கேட்டபோது நான் கத்திய கத்தல் எனக்கே திரும்பக் கேட்டது. மாமியின் காலடியில் கைகூப்பி நின்றேன். பிறகு என் கால் தன்பாட்டில் குசினிப் பக்கம் போனது. பெண்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள்.

அவர் குசினி வாசலில், சுவரோடு சாய்ந்து குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

“அம்மாக்கு எத்தினை நாளைக்குக் கிடக்கு?”

நான் இரண்டு விரலைக் காட்டினேன். அழுகைதான் வந்தது.

“அழாதேங்கோ பிள்ளை. அவவின்ர போத்தலிலயும் அவ்வளவுதான் கிடக்கும். எண்டாலும் ரெண்டு நாள் ரெண்டு நாள்தானே.”

அவரே அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தார். மடித்துவைத்த சேலைகளுக்கு அடியில் இருந்து போத்தலை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. இரண்டு குளிசையின் பாரம் இல்லை அது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. ஆயுள் முழுக்கச் சாமானைத் தூக்கிப் பார்த்த கை. மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினார்.

இரண்டைத் தவிர அத்தனையும் பாதி. பாக்குவெட்டியால் நடுக்கோட்டில் வெட்டிய, அச்சில் வார்த்ததுபோன்ற பாதிக் குளிசைகள். மாமி நாளுக்கு ஒரு பாதியைப் போட்டுக்கொண்டு மற்றப் பாதியைச் சேர்த்து வைத்திருக்கிறார். யாருக்கென்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

“வெட்டக் காட்டிக் குடுத்தது நான்தானே” என்றார் அவர்.

அந்த நேரம் டொக்டர் வந்தார். எத்தனையோ வருசமாக அவரோடு நல்லமாதிரி ஒரு வார்த்தை பேசாத மனுசன், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார். ஸ்டோர்க்காரர் உள்ளங்கையை அப்படியே நீட்டினார்.

“ஐயா, இதாலயோ?”

டொக்டர் ஒரு பாதியை எடுத்து, வெட்டின பக்கத்தைப் பார்த்தார். “இதாலதான் எண்டும் சொல்லமாட்டன். இதால இல்லை எண்டும் சொல்லமாட்டன்” என்றார். பிறகு அவருடைய தோளில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். வெளியே பறை அடிக்கத் தொடங்கியிருந்தது.

சாம்பல் அள்ளுகிற காடாத்து முடிந்து, கடலில் தலைமுழுகின ஈரத்தோடேயே அவர் எங்கள் படலையைத் திறந்தார். போத்தலை அம்மாவின் முன் மேசையில் வைத்தார். அம்மா அதைத் தொடவில்லை.

“அவவின்ர உயிரை நான் எப்பிடி அண்ணை விழுங்குவன்?” என்று சொல்லி அம்மா வாய்விட்டு அழுதாள்.

“நான் எத்தினை செத்தவீட்டில கேட்டிருக்கிறன் தங்கச்சி. ஏசினவை இருக்கினம், உங்கட மகளும் ஏசினவதான். ஆனா ஒருத்தரும் எனக்கு இல்லையெண்டு சொல்லேல்ல.” போத்தலை அம்மாவின் பக்கம் தள்ளினார். “நீங்கள் சொல்லிப் போடாதேங்கோ.”

நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அம்மா ஒரு பாதியை எடுத்தாள். அவர் இன்னொரு பாதியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அம்மா இரண்டையும் வாயில் போட்டு விழுங்கும்வரை, அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

அந்தப் பாதிகள் முடிவதற்குள் நானாவின் கடைக்குக் குளிசை வந்துவிட்டது. அம்மா அதன்பிறகு நெடுங்காலம் இருந்தாள். என் கலியாணத்தைக் கண்டாள், என் மகனைத் தூக்கினாள். ஸ்டோர்க்காரர் துண்டுகளை வாசித்து மதிப்புச் சொல்வதை விடவில்லை, டொக்டரோடு சண்டை பிடிப்பதையும் விடவில்லை, செத்தவீடுகளில் கேட்பதையும் விடவில்லை. பாக்குவெட்டியை மட்டும் யாருக்கோ கொடுத்துவிட்டார்.

அதோடு ஒரு புதுப் பழக்கம் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு காலையும் எங்கள் படலையடியில் சைக்கிளை நிறுத்தி, ஒற்றைக் காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு மணியை அடிப்பார்.

“முழுசோ தங்கச்சி?”

அம்மா அன்று போட்டிருந்தால் உள்ளேயிருந்தபடியே, “ஓம் அண்ணை, முழுசு” என்பாள். போட்டிருக்காவிட்டால் பொய் சொல்லமாட்டாள். “நில்லுங்கோ” என்று சொல்லிக் குளிசையையும் தண்ணீர்க் கோப்பையையும் எடுத்துக்கொண்டு விறாந்தைக்கு வருவாள். அவர் பார்க்கத்தக்கதாக விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுவாள். அதன்பிறகுதான் அவருடைய கால் பெடலுக்குப் போகும்.